டிஸ்க் திணறுகிறதா? புதிதாக சர்வர் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு மொத்த மருந்துக்கடை. பில் போட ஐந்து கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். கடை முதலாளி ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது. மூணு மணி ஆச்சுன்னா ஒரு பில்லுக்கு ஒரு நிமிஷம் ஆகுது. பசங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க." நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ சொன்னதைக் கேட்டு மெமரியை இரண்டு மடங்காக்கியிருந்தார். பணம் செலவானதுதான் மிச்சம், மூன்று மணி மந்தம் அப்படியே இருந்தது.

அன்று அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் பார்த்த எண்களை வைத்தே இதைச் சொல்கிறேன். ஊரிலிருந்து முதல் வேலைக்கு இங்கே வந்து சப்போர்ட் டீமில் சேரும் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சிபியு பார்க்கத் தெரிகிறது, மெமரி பார்க்கத் தெரிகிறது. டிஸ்க் என்று வந்தால் மட்டும் காலி இடம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்க்கில் இடம் இருப்பது வேறு, கேட்டதை அது நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது வேறு. பாதி காலியாக இருக்கும் டிஸ்க்கும் மூச்சுத் திணறும்.

கட்டளைகளை நாங்கள் போனில் ஒருவருக்கொருவர் எழுத்துக் கூட்டிச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன். நீங்கள் டைப் செய்யும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். எழுத்துக் கூட்டும்போது வெறும் டி என்றால் டைமின் டி, கழித்தல் குறிக்குப் பின் தனியாக வரும் -டி டிஸ்க்கின் டி.

முதலில், என்ன டிஸ்க் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'எல்எஸ்பிஎல்கே -டி -ஓ நேம்,ரோட்டா' என்று அடியுங்கள். எல், எஸ், பி (பெங்களூருவின் பி), எல், கே என்ற ஐந்து எழுத்துகள்தான் கட்டளை. ரோட்டா என்பதில் ஆர், ஓ, டி, ஏ. அந்தப் பத்தியில், அதாவது அந்தத் தலைப்பின் கீழே, 1 இருந்தால் அது சுழலும் ஹார்ட் டிஸ்க், 0 இருந்தால் எஸ்எஸ்டி. கிளவுடில் ஓடும் சர்வரிலும் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கிலும் இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், அங்கே உண்மையான டிஸ்க் மறைந்திருக்கும். உங்கள் மேசையில் இருக்கும் இயந்திரத்துக்கு இது சரியாகவே சொல்லும்.

இது ஏன் முதல் வேலை என்றால், எந்த எண் நல்லது, எந்த எண் கெட்டது என்பது டிஸ்க்கின் வகையைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. தேவையான இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். தலை அந்தத் தடத்துக்கு நகர்ந்து போக இன்னொரு 8 அல்லது 9 மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும் ஒவ்வொரு வாசிப்புக்கும் 12, 13 மில்லி விநாடி. விநாடிக்கு 80 போல்தான் முடியும். டிஸ்க் தன் வரிசையை வசதியாக மாற்றி அடுக்கிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, சாதாரண நேரத்தில் 1 மில்லி விநாடிக்குள் பதில் வந்துவிடும். ஆக, 10 மில்லி விநாடி என்பது ஹார்ட் டிஸ்க்குக்கு நல்ல ஆரோக்கியம். அதே 10 ஒரு என்விஎம்இ எனும் வேகமான வகை எஸ்எஸ்டியில் தொடர்ந்து வந்தால் என்ன கோளாறு என்று தேட வேண்டும்.

ஐபிஎம் 1956-ல் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், ஓர் இடத்தைத் தேடிப் போக சுமார் 600 மில்லி விநாடி. இன்று 20 டெராபைட் டிஸ்க் கடையில் கிடைக்கிறது. கொள்ளளவு பல லட்சம் மடங்கு ஏறிவிட்டது, இடம் தேடும் நேரமோ நூறு மடங்குகூடக் குறையவில்லை. ஓர் உலோகக் கை நகர்ந்தாக வேண்டுமே. ஹார்ட் டிஸ்க் சர்வர்களில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தில் போய் நிற்கும்.

கருவியை நிறுவுங்கள்

தேவையான தொகுப்பின் பெயர் சிஸ்ஸ்டாட். எஸ், ஒய், எஸ், எஸ், டி, ஏ, டி. நடுவில் இரண்டு எஸ் வரும், புதிதாக அடிப்பவர்கள் தவறவிடும் இடம் அது. உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் என்றால் 'சுடோ ஏபிடி இன்ஸ்டால் சிஸ்ஸ்டாட்'. சுடோ என்பது அட்மின் உரிமையோடு ஓட்டு என்பது. ரெட் ஹாட், ஃபெடோரா வகை என்றால் ஏபிடிக்குப் பதில் டிஎன்எஃப். ஐஓஸ்டாட், பிட்ஸ்டாட், சார் ஆகிய மூன்று கருவிகளும் இந்த ஒரே தொகுப்பில் வந்துவிடும். இவை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தானே வைத்திருக்கும் கணக்கை எடுத்துக் காட்டுபவை, டிஸ்க்கில் தனியாகச் சுமை ஏற்றுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பயமில்லாமல் போடலாம்.

எக்ஸ் ஒய் இசட் 1

அப்புறம் இந்தக் கட்டளை: 'ஐஓஸ்டாட் -எக்ஸ்ஒய்இசட் 1'. ஐ, ஓ, எஸ், டி, ஏ, டி, ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி எக்ஸ், ஒய், இசட், மறுபடி இடைவெளி, 1. ஆங்கில எழுத்துகளின் கடைசி மூன்றும் வரிசையாக வருவதால் மறக்காது. எக்ஸ் என்றால் விரிவாகக் காட்டு. இசட் என்றால் சும்மா இருக்கும் டிஸ்க்குகளை விட்டுவிடு. கடைசியில் உள்ள 1 என்பது விநாடிக்கு ஒரு முறை காட்டு என்பது. நிறுத்த கண்ட்ரோலும் சி-யும்.

ஒய்யைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஓஸ்டாட் முதலில் காட்டும் அறிக்கை, சர்வர் பூட் ஆன நேரத்திலிருந்து இன்றுவரைக்குமான சராசரி. நாற்பது நாள் ஓடிய சர்வரில் அது நாற்பது நாள் சராசரி. இப்போது பற்றி எரியும் பிரச்சினை அதில் தெரியவே தெரியாது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் வெறும் ஐஓஸ்டாட் என்று ஒரு முறை அடித்து, "டிஸ்க்கில் ஒன்றும் இல்லையே அண்ணா" என்று டிக்கெட்டில், அதாவது புகார்ப் பதிவில், எழுதி மூடியதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒய் போட்டால் அந்த முதல் அறிக்கையே வராது.

பத்தி பத்தியாகப் படிப்பது

திரை முழுக்க எண்கள் வந்ததும் மலைக்க வேண்டாம். பாதியை இப்போதைக்குக் கண்ணெடுத்தே பார்க்க வேண்டியதில்லை.

ஆர்/எஸ் என்பது விநாடிக்கு எத்தனை வாசிப்புக் கோரிக்கைகள், டபிள்யூ/எஸ் என்பது எத்தனை எழுதும் கோரிக்கைகள். ஆர்கேபி/எஸ், டபிள்யூகேபி/எஸ் என்பவை அவற்றில் எத்தனை கிலோபைட் போய் வந்தது என்ற கணக்கு. ஆர்-அவெய்ட், டபிள்யூ-அவெய்ட் என்பவை ஒரு கோரிக்கை வரிசையில் நின்ற நேரமும் டிஸ்க் அதை முடித்த நேரமும் சேர்ந்த சராசரி, மில்லி விநாடியில். ஏ-க்யூ-யூ கோடு எஸ்-இசட் என்ற பத்தி வரிசையின் சராசரி நீளம். கடைசியில் விழுக்காட்டுக் குறியோடு நிற்பது யூட்டில்.

மருந்துக்கடையில் காலை 11 மணிக்கு நான் பார்த்தபோது ஆர்/எஸ் 12, ஆர்-அவெய்ட் 9, வரிசை 0.1. ஒரு குறையும் இல்லை. மதியம் 3:05-க்கு அதே டிஸ்க்கில் ஆர்/எஸ் 90, ஆர்-அவெய்ட் 120, வரிசை 10.8, யூட்டில் 100. ஆர்கேபி/எஸ் மட்டும் 720.

இங்கே கொஞ்சம் நிற்போம். 720 கிலோபைட் என்றால் விநாடிக்கு ஒரு மெகாபைட்கூட இல்லை. பெரிய வீடியோ கோப்பு ஒன்றைக் காப்பி செய்தால் அதே டிஸ்க் விநாடிக்கு 150 மெகாபைட் அநாயாசமாகக் கொடுக்கும். முதலாளி மகன் பக்கத்தில் நின்று, "அண்ணா, ஒரு எம்பிகூட இல்ல, இது டிஸ்க் பிரச்சினையா இருக்காதே" என்றார். நியாயமான கேள்வி. 720-ஐ 90-ஆல் வகுத்தால் 8. ஒவ்வொரு கோரிக்கையும் 8 கிலோபைட்தான், அதுவும் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடப்பது. ஒவ்வொரு 8 கிலோபைட்டுக்கும் தலை ஓடி ஓடி வர வேண்டும். விநாடிக்கு 90 என்பதே அந்த டிஸ்க்கின் உச்சம். எத்தனை மெகாபைட் என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடாது. எத்தனை கோரிக்கை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வகுத்துப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் ஆர்-ஏ-ஆர்-இ-க்யூ கோடு எஸ்-இசட் என்ற பத்தியில் அந்த 8 நேரடியாகவே இருக்கும்.

வரிசைக் கணக்கையும் சரிபார்க்கலாம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிறுவிக் காட்டிய விதி: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, விநாடிக்கு வருபவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் உள்ளே செலவிடும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. விநாடிக்கு 90, ஒவ்வொன்றுக்கும் 0.120 விநாடி, பெருக்கினால் 10.8. திரையில் வந்ததும் அதேதான். எழுத்தும் சேர்ந்து நடக்கும் டிஸ்க்கில் வாசிப்புக்கு ஒரு பெருக்கல், எழுத்துக்கு ஒரு பெருக்கல் போட்டுக் கூட்டுங்கள். இந்தக் கணக்கை ஒரு வாரம் கையால் போட்டுப் பழகினால் எண்கள் உங்களோடு பேச ஆரம்பித்துவிடும்.

யூட்டில் 100 என்றால் என்ன

இந்த யூட்டில் பத்தியைப் போல் ஆட்களைத் திசைதிருப்புவது வேறு எதுவும் இல்லை.

காலை எட்டரை மணிக்கு நின்றபடியே சாப்பிடும் நம்ம ஊர் தர்ஷினி ஓட்டல் ஒன்றில் நிற்கிறீர்கள். டோக்கன் வாங்கி தோசைக் கவுன்ட்டரில் கொடுத்தாயிற்று. மாஸ்டர் ஒருவர்தான், கல்லில் ஒரு நேரத்தில் ஒரு தோசைதான் என்று வைத்துக்கொள்வோம். அவர் கை ஒரு விநாடியும் ஓயவில்லை என்றால் யூட்டில் 100. அதற்குமேல் வரும் ஒவ்வொரு டோக்கனும் வரிசையை நீட்டும், எல்லோருக்கும் காத்திருப்பு ஏறும். ஹார்ட் டிஸ்க் அந்த ஒற்றை மாஸ்டர். அங்கே 100 என்றால் நிரம்பிவிட்டது என்றே பொருள்.

இப்போது எட்டு மாஸ்டர், எட்டுக் கல் இருக்கும் சமையலறையை நினைத்துப் பாருங்கள். யூட்டில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த விநாடியில் எவ்வளவு நேரம் உள்ளே ஒரு டோக்கனாவது இருந்தது? ஒரு மாஸ்டர் மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்க, மற்ற ஏழு பேரும் கைகட்டி நின்றாலும் பதில் 100தான். எஸ்எஸ்டியும் பல டிஸ்க் சேர்ந்த ரெய்டும் இந்தப் பெரிய சமையலறை. ஒரே சமயத்தில் பல கோரிக்கைகளை அவை முடிக்கும். அங்கே யூட்டில் 100 என்று பார்த்ததும் புது டிஸ்க் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். அவெய்ட் பாருங்கள். யூட்டில் 100, அவெய்ட் 0.3 மில்லி விநாடி என்றால் அந்த எஸ்எஸ்டி சௌக்கியமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு பத்தியைத்தான் பார்க்கலாம் என்ற நிலை வந்தால் ஆர்-அவெய்ட்டைப் பாருங்கள். கவுன்ட்டர் முன்னால் நிற்கும் மனிதருக்குத் தெரிவது மாஸ்டரின் சுறுசுறுப்பு இல்லை, தன் தோசை எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதுதான்.

டபிள்யூ-அவெய்ட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது லினக்ஸ் அதை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "சரி, முடிந்தது" என்று சொல்லிவிடும். பின்னணி வேலை ஒன்று வழக்கமாக 5 விநாடிக்கு ஒரு முறை எழுந்து, 30 விநாடி பழசானதை டிஸ்க்குக்குத் தள்ளும். அதனால் எழுத்து அலை அலையாக வரும், அந்தச் சில விநாடிகள் டபிள்யூ-அவெய்ட் குதிக்கும், பயனாளிக்கு ஒன்றுமே தெரியாது. டேட்டாபேஸ் மட்டும் விதிவிலக்கு. ஒரு பில்லைப் பதிந்ததும் அது டிஸ்க்கில் நிஜமாகவே இறங்கிவிட்டதா என்று உறுதி கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். அங்கே எழுத்துக் காத்திருப்பு நேராக மனிதரின் காத்திருப்பாக மாறும். புதிய பதிப்புகளில் அந்த உறுதி கேட்கும் வேலைக்கே எஃப்-அவெய்ட் என்று தனிப் பத்தி உண்டு.

பழைய குறிப்புகளில் எஸ்விசிடிஎம் என்ற பத்தியைப் பற்றிப் படிப்பீர்கள். அதை நம்பாதீர்கள் என்று கருவியின் கையேடே வெகுகாலம் எச்சரித்துக்கொண்டிருந்தது, பிறகு பத்தியையே நீக்கிவிட்டார்கள். தேட வேண்டாம்.

சிபியு பகுதியில் வரும் ஐஓவெய்ட்

அறிக்கையின் மேல்பாதியில் ஐஓவெய்ட் என்ற விழுக்காடு இருக்கும். சிபியு சும்மா இருந்தது, அந்த நேரத்தில் டிஸ்க் வேலை முடியாமல் நிலுவையில் இருந்தது என்பது இதன் பொருள். இது ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் குறைவாக இருந்தால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. அதே இயந்திரத்தில் வேறொரு நிரல் சிபியுவைக் கடுமையாகப் பயன்படுத்த ஆரம்பித்தால் சிபியு சும்மா இருக்கும் நேரமே போய்விடும், ஐஓவெய்ட்டும் சுருங்கிவிடும். டிஸ்க்கின் திணறலோ அப்படியே இருக்கும்.

லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் நிரல்களின் சராசரி எண்ணிக்கை) 12 என்று நிற்கிறது, சிபியு 5 விழுக்காடுகூட இல்லை, இது எப்படி என்று குழம்புபவர்களுக்கும் விடை இங்கேதான். லினக்ஸ் தன் லோட் கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் நிரல்களையும் சேர்த்துக்கொள்கிறது. 'விஎம்ஸ்டாட் 1' அடித்தால் பி (பெங்களூருவின் பி) என்ற பத்தியில் அப்படிக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை வரும்.

அதே விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளையும் கட்டாயம் பாருங்கள். அவை தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மெமரி போதாமல் லினக்ஸ் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்துகிறது. அப்போது டிஸ்க்கை மாற்றுவது வீண் செலவு, மெமரிதான் வாங்க வேண்டும். மருந்துக்கடையில் இரண்டும் பூஜ்யம். மெமரி வாங்குவதற்கு முன்னால் யாராவது இதைப் பார்த்திருந்தால் அந்தப் பெரியவரின் பணம் மிஞ்சியிருக்கும்.

யார் செய்கிறார்கள்?

'பிட்ஸ்டாட் -டி 1'. பி (பேப்பரின் பி), ஐ, டி (டிஸ்க்கின் டி), எஸ், டி, ஏ, டி. எல்லா நிரல்களையும் பார்க்க முன்னால் சுடோ சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நிரல் விநாடிக்கு எவ்வளவு வாசிக்கிறது, எழுதுகிறது என்று பெயரோடு வரும். சிலர் ஐஓடாப் விரும்புவார்கள். அதில் பெரிய எழுத்து இல்லாத -ஓ சேர்த்தால் உண்மையில் டிஸ்க்கைத் தொடும் நிரல்கள் மட்டும் தெரியும். புதிய கெர்னல்களில் ஐஓடாப்பின் சில பத்திகள் வராமல் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும். கெர்னல் 5.14 முதல் அந்தக் கணக்கெடுப்பு தொடக்கத்தில் அணைத்தே வைக்கப்பட்டிருப்பதுதான் காரணம், உங்கள் நிறுவலில் தவறில்லை.

கடையில் மூன்று மணிக்கு முதலிடத்தில் நின்ற நிரலின் பெயர் டார். பேக்கப். ஸ்கேன் செய்த பழைய ரசீதுகள், லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள், ஒவ்வொன்றாக வாசித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. "ஐயா, மூணு மணிக்குப் பேக்கப் போட்டது யாரு?" என்று கேட்டேன். "கடை ஆரம்பிச்ச புதுசுல மத்தியானம் கூட்டமே இருக்காதுப்பா, அப்ப ஒரு பையன் போட்டுக் கொடுத்தான்" என்றார். கடை வளர்ந்துவிட்டது, ரசீது பெருகிவிட்டது, நேரம் மட்டும் மாறவில்லை. நேரம் குறித்து வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரவு பதினொன்றரைக்கு மாற்றினேன். மறுநாள் மூன்று மணிக்கு ஆர்-அவெய்ட் 11.

நேற்று நடந்ததை இன்று பார்ப்பது

"நேற்று சாயங்காலம் ஸ்லோவாக இருந்தது" என்று காலையில் டிக்கெட் வந்தால் ஐஓஸ்டாட் உதவாது. அதற்குத்தான் சார். எஸ், ஏ, ஆர். உபுண்டுவில் ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் சிஸ்ஸ்டாட் என்ற கோப்பைத் திறந்து, எனேபிள்ட் என்ற இடத்தில் ஃபால்ஸ் இருந்தால் ட்ரூ ஆக்கி, 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்ஸ்டாட்' கொடுங்கள். அன்றிலிருந்து வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்களைச் சேமிக்கும். பிறகு 'சார் -டி' என்றால் இன்றைய டிஸ்க் வரலாறு முழுக்க வரும். பழைய நாள் வேண்டுமென்றால் -எஃப் போட்டு அந்தத் தேதியின் கோப்பைக் காட்ட வேண்டும். கோப்புகள் உபுண்டுவில் வார் கோப்புறையின் லாக், அதற்குள் சிஸ்ஸ்டாட் என்ற இடத்தில் இருக்கும். ரெட் ஹாட்டில் அந்த லாகுக்குள் எஸ்ஏ என்ற இடம். பத்து நிமிடச் சராசரியில் முப்பது விநாடிக் குதிப்பு கரைந்துபோகும், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது சர்வர் கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் காரியம் சாரை முடுக்கிவிடுவது. நோய் வந்த பிறகு எடுக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருந்த நாளின் எண் வேண்டும்.

விண்டோஸ் சர்வர் என்றால்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் டிஸ்க். ஆக்டிவ் டைம் என்பது யூட்டிலின் தம்பி, அதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று மில்லி விநாடியில் இருப்பதே நமக்கு வேண்டியது. விண்டோஸ் சர்வரில் டிஸ்க் என்ற பகுதியே தெரியாவிட்டால், அட்மின் உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில் 'டிஸ்க்பெர்ஃப் -ஒய்' கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரை மூடித் திறங்கள். எந்த நிரல், எந்தக் கோப்பு என்று பார்க்க ரிசோர்ஸ் மானிட்டர். ரன் பெட்டியில் ஆர், இ, எஸ், எம், ஓ, என் என்று அடித்தால் திறக்கும், அதன் டிஸ்க் பக்கத்தில் கோப்பு வாரியாகப் பதில் நேரம் இருக்கும்.

கிளவுட் டிஸ்க்கின் தனிக்குணம்

வைட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை கிடைத்தால் நீங்கள் பார்க்கப்போகும் சர்வர் பெரும்பாலும் இந்த ஊரிலேயே இருக்காது. அமேசானின் மும்பை ரீஜனில் இருக்கலாம். அங்கே டிஸ்க்கின் வேகத்தைத் தீர்மானிப்பது பணம் கட்டி வாங்கிய அளவு.

ஜிபி2 (ஜெனரல் பர்ப்பஸ்) என்ற பழைய வகையில் ஒரு ஜிகாபைட்டுக்கு விநாடிக்கு 3 கோரிக்கை என்று அடிப்படை வேகம். 100 ஜிபி டிஸ்க் என்றால் 300. சேமித்து வைத்த கிரெடிட் இருக்கும்வரை 3000 வரை பாயலாம். கிரெடிட் கிண்ணத்தின் கொள்ளளவு 54 லட்சம். 3000-ல் ஓடினால் விநாடிக்கு 2700 கிரெடிட் கரையும், 2000 விநாடியில், அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், கிண்ணம் காலி. அதன் பிறகு ஐஓஸ்டாட்டில் ஆர்/எஸ், டபிள்யூ/எஸ் இரண்டின் கூட்டுத்தொகை 300-ல் கோடு போட்டது போல் தட்டையாக நிற்கும், அவெய்ட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். "அரை மணி நேரம் நன்றாக ஓடியது, அப்புறம் படுத்துவிட்டது" என்ற புகார் வந்தால் முதலில் அமேசானின் கண்காணிப்புப் பக்கமான கிளவுட்வாட்ச்சில் பர்ஸ்ட் பேலன்ஸ் என்ற அளவைப் பாருங்கள். 2020 டிசம்பரில் வந்த ஜிபி3 வகையில் டிஸ்க் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 3000 கோரிக்கை அடிப்படையாகவே கிடைக்கும், கிரெடிட் கணக்கு கிடையாது. பழைய ஜிபி2 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கோரிக்கை குறைவு, காத்திருப்பு அதிகம்

ஆர்/எஸ் வெறும் 5, ஆர்-அவெய்ட் 800 என்று ஒரு ஹார்ட் டிஸ்க் காட்டினால் அது சுமையால் வரும் திணறல் இல்லை. டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று சந்தேகப்படுங்கள். படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்போது இப்படித்தான் வரும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, 'சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' என்று அடித்து டிஸ்க்கின் பெயரைக் கொடுங்கள். ரீஅலகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் ஏறிக்கொண்டே போனால் வேறு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், முதலில் தரவை இன்னொரு டிஸ்க்குக்கு எடுங்கள். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போய்ப் புது டிஸ்க் வாங்குவது அதற்கு அப்புறம்.

இந்த நேரத்தில் வேகத்தைச் சோதிக்கிறேன் என்று டிடி கட்டளையை மட்டும் எடுக்காதீர்கள். எழுதும் இடத்தில் கோப்பின் பெயருக்குப் பதிலாக டிஸ்க்கின் பெயர் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அப்படி அழிந்துபோன ஓர் அலுவலகத்தின் மூன்று வருடக் கணக்கை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மேலே அனுப்பும்போது

உங்களால் தீர்க்க முடியாமல் ஸ்டோரேஜ் டீமுக்கோ சீனியருக்கோ அனுப்ப வேண்டி வந்தால் "டிஸ்க் ஸ்லோ" என்று ஒரு வரி எழுதாதீர்கள். 'ஐஓஸ்டாட் -எக்ஸ்ஒய்இசட்டி 5 12' என்று அடித்தால் ஐந்து விநாடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறிக்கைகள், கடைசி டி (டைமின் டி) சேர்த்ததால் ஒவ்வொன்றின் மேலும் நேரத்தோடு, ஒரே நிமிடத்தில் கிடைக்கும். அதை அப்படியே ஒட்டுங்கள். எந்த டிஸ்க், என்ன வகை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, பிட்ஸ்டாட்டில் முதலிடத்தில் நின்ற நிரல் எது, எஸ்ஐ எஸ்ஓ பூஜ்யமா, நலமாக இருக்கும் நேரத்தில் அதே டிஸ்க்கின் ஆர்-அவெய்ட் எவ்வளவு என்பதையும் சேர்த்துவிடுங்கள். இவ்வளவும் இருந்தால் மறுமுனையில் இருப்பவர் உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்காமலே வேலையைத் தொடங்கிவிடுவார்.